கடந்து செல்லும் மகிமை

வேதபாடப் பகுதி: யாத்திராகமம் 33:12-23, 34:29



கொச்சியின் தோப்பும்படியில் ஒரு மீன்பிடித் துறைமுகம் உண்டு. 1978-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இத்துறையில் விடியுமுன்னே விளக்குகள் எரியத் தொடங்கும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அணையும். ஐஸ் உடைக்கும் ஓசைக்கு நடுவே ஏலக் குரல்கள் எழும். அக்குரல்களில் மலையாளத்தோடு தமிழும் கலந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் இத்துறையைத் தங்கள் தொழிலுக்கு ஒரு தளமாகக் கொண்டிருப்பதே அதற்குக் காரணம். அவர்கள் இன்று சென்று நாளை திரும்புகிறவர்கள் அல்லர். அரிசியும் குடிநீரும் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு, வாரக்கணக்கில் அரபிக் கடலிலேயே தங்கி, சுறாவும் சூரையும் பிடித்துக் கரை சேருகிறவர்கள்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் அந்தக் கடலில் ஒக்கிப் புயல் எழும்பியது. முந்தின நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் கன்னியாகுமரிக்கு அருகே புயலாக மாறிவிட்டது. எச்சரிக்கை கரையை எட்டியபோது மீனவர் பலர் வெகுதூரம் சென்றிருந்தார்கள். சிலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் மிதந்தார்கள். சில படகுகள் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரம், குஜராத் கரைகளிலும் போய் ஒதுங்கின. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். வங்கதேசம் அளித்த அப்புயலின் பெயருக்கு வங்க மொழியில் "கண்" என்று பொருள். கரையில் காத்திருந்த தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் கண்ணே நோகும்படி கடலைப் பார்த்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாதிருந்தது.

அந்நாட்களில் அக்கரையில் எழுந்த கேள்வியை நாமும் அறிவோம். தேவன் எங்கே இருந்தார்? அவருடைய மகிமை எங்கே? மருத்துவமனையின் தாழ்வாரத்தில் காத்திருந்தவர்களும், வேலையை இழந்து வீடு திரும்பியவர்களும், பிள்ளையின் கல்லறையருகே நின்றவர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். இக்கேள்வியை வேதம் மறைத்துவைக்கவில்லை. மோசே இதை மலையின்மேல் நின்று தேவனிடத்திலேயே கேட்டான். அவனுக்குக் கிடைத்த பதிலை இம்மாதம் தியானிப்போம். தேவனுடைய பிரசன்னம் நம் வழிக்கு வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய மகிமையையோ பெரும்பாலும் அது கடந்த பின்னரே, பின்புறமாகவே காண்கிறோம். ஆகையால் காணாதிருப்பது அவர் இல்லாதிருப்பதற்கு அடையாளம் அன்று. இப்பாடம் கற்பிக்கும் சத்தியம் இதுவே.

1. இக்கட்டிலிருந்து எழுந்த விண்ணப்பம்

தேவனுடைய மகிமையைக் காண வேண்டும் என்று மோசே எப்போது கேட்டான் என்பதைக் கவனியுங்கள். செங்கடலைக் கடந்து பாட்டுப் பாடிய நாளில் அல்ல. கன்மலையிலிருந்து தண்ணீர் புறப்பட்ட நாளிலும் அல்ல. பொற்கன்றுக்குட்டியினால் உண்டான அழிவுக்குப் பின்பே கேட்டான். ஏறக்குறைய மூவாயிரம் பேர் மாண்டிருந்தார்கள் (யாத். 32:28). கற்பலகைகள் உடைந்து கிடந்தன. மக்கள் தங்கள் ஆபரணங்களைக் கழற்றிவிட்டுத் துக்கித்துக்கொண்டிருந்தார்கள் (33:4-6). கூடாரமோ பாளயத்துக்குப் புறம்பே தூரத்தில் போடப்பட்டிருந்தது (33:7). அனைத்தும் சிதறிக் கிடந்த அந்த நேரத்தில்தான் அவன் வாய் திறந்தான்.

அவனுடைய விண்ணப்பம் மூன்று படிகளாக ஏறுகிறது. முதலாவது, தேவனுடைய வழியைத் தனக்குக் காட்டும்படி கேட்டான் (33:13). இரண்டாவது, அவருடைய சமுகம் கூட வராவிட்டால் தங்களை அவ்விடத்திலிருந்து நடத்திச் செல்லவே வேண்டாம் என்றான் (33:15). மூன்றாவது, அவருடைய மகிமையைக் காட்டும்படி வேண்டினான் (33:18). துன்பத்தில் நாம் முதலாவது கேட்பது, துன்பம் நீங்க வேண்டும் என்பதே. அப்படிக் கேட்பது தவறன்று. ஆனாலும் துன்பம் நீங்குவதற்கு முன்னரே கேட்கத்தக்க ஒன்று உண்டு என்பதை மோசே நமக்குக் கற்பிக்கிறான்.

இன்னொன்றையும் பாருங்கள். அவன் தேவனோடு வழக்காடுகிறவனைப்போலப் பேசுகிறான். தேவன் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. 2017 டிசம்பரில், காணாமற்போன தங்கள் மக்களைத் தேடித் தர வேண்டும் என்று குமரிக் கரையின் மீனவ மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்துவந்து குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தார்கள். அவர்கள் முறையிட்டது அரசை நோக்கி. ஆனால் அதே மக்கள் ஆலயத்திலும் அழுதார்கள். முறையீடு விசுவாசத்துக்கு விரோதமானது என்று எண்ணுகிறவர்கள் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனே முறையிடுவான். அவிசுவாசம் முறையிடாது, அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

2. கூட வரும் முகம், காணப்படாத முகம்

மோசேக்குக் கிடைத்த பதிலில் வியப்பான ஒன்று மறைந்திருக்கிறது. 14-ஆம் வசனத்தில் தம்முடைய சமுகம் கூடச் செல்லும் என்று தேவன் வாக்களிக்கிறார். 20-ஆம் வசனத்தில் தம்முடைய முகத்தை மனிதன் காணக்கூடாது என்கிறார். நம் வேதத்தில் "சமுகம்" என்றும் "முகம்" என்றும் இரு சொற்களாக வருவது எபிரெயத்தில் ஒரே சொல்தான். அதன் நேர்ப்பொருள் முகம் என்பதே. அப்படியானால் தேவன் சொன்னது என்ன? என் முகம் உன்னோடு வரும். ஆனால் அந்த முகத்தை நீ காணமாட்டாய் என்பதே.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் இடறுவது இங்கேதான். பிரசன்னம் என்றால் உணரத்தக்க ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். ஜெபிக்கையில் உள்ளம் பொங்கினால் தேவன் அருகில் இருக்கிறார் என்கிறோம். உள்ளம் வறண்டிருந்தால் அவர் விலகிவிட்டார் என்கிறோம். யோபு முன்னே போனான், பின்னே போனான், இடப்புறமும் வலப்புறமும் தேடினான். எங்கும் தேவனைக் காணவில்லை. ஆயினும் தான் செல்லும் வழியை அவர் அறிவார் என்றான் (யோபு 23:8-10). தான் காணாதபோதும் தான் காணப்படுவதாக அவன் நம்பினான். விசுவாசத்தின் மிக இருண்ட நாளில் பற்றிக்கொள்ள இதைவிட உறுதியான கயிறு வேறில்லை. நம்முடைய பார்வை அவரை எட்டாத இடத்திலும் அவருடைய முகம் நம்மைவிட்டுத் திரும்புவதில்லை.

3. பிளவும் கரமும்

அடுத்ததாகத் தேவன் மோசேக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறார். அது தம் அருகிலுள்ள ஒரு கன்மலை. அதன் பிளவில் அவனை வைத்து, தாம் கடந்துபோகுமட்டும் தம் கரத்தினால் மூடுவதாகச் சொல்கிறார் (33:21-22).

பிளவுக்குள் நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? இருட்டு மாத்திரமே தெரியும். மூடியிருப்பது கரமா, காரிருளா என்று உள்ளிருந்து பிரித்தறிய முடியாது. மகிமை மிக அருகே கடந்துசென்ற அந்த நொடியே மோசே ஒன்றையும் காணாத நொடியாகவும் இருந்தது.

இவ்விடத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மூடியிருந்த கரம் தேவனுடையது என்று சொல்கிறோம். அதனால் புயலும் அவருடைய கோபத்தின் கரமே என்று சொல்லத் துணியலாகாது. அதே ஓரேபில் பிற்காலத்தில் எலியா நின்றான். பெருங்காற்று வீசியது, நிலம் அதிர்ந்தது, அக்கினி எரிந்தது. இவற்றில் ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை என்று வேதம் மூன்று முறை அழுத்திச் சொல்கிறது. எல்லாம் ஓய்ந்த பின் வந்த மெதுவான ஓசையிலே எலியா அவரை அறிந்து முகத்தை மூடிக்கொண்டான் (1 இரா. 19:11-13). மலை ஒன்றே, தேவனும் ஒருவரே. அவரைப் பெருங்காற்றில் தேடாதே என்பது அங்கே கற்பிக்கப்பட்ட பாடம்.

பேரழிவு நேரும்போதெல்லாம், அது அம்மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று சொல்ல யாராவது எழும்புகிறார்கள். சீலோவாமின் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோதும் எருசலேமில் அப்படி எண்ணினவர்கள் இருந்தார்கள். மாண்டவர்கள் மற்றெல்லாரிலும் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார், கேட்டவர்களையே மனந்திரும்பச் சொன்னார் (லூக். 13:4-5). யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாதிருந்தபோது சரியாகவே நடந்துகொண்டார்கள் (யோபு 2:13). வாய் திறந்து காரணம் கற்பித்தபோதே பிழை செய்தார்கள் (42:7). துக்க வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் இவ்விரண்டு வசனங்களையும் வாசித்துவிட்டுச் செல்வது நலம்.

4. ஒருவன் திரும்பினான், ஒருவன் திரும்பவில்லை

இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வந்திருக்கிறோம். கடலிலிருந்து மீண்டவர்கள் தேவனைத் துதித்தார்கள்; அது தகுதியே. ஆனால் அடுத்த வீட்டில் மீளாதவனுடைய தாய் அத்துதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காணாமற்போன ஒருவரை இறந்தவராகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். ஒக்கியில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக அரசு அக்காலத்தைத் தளர்த்தியது. தாயின் உள்ளத்துக்கோ அப்படிப்பட்ட கால அளவு ஏதுமில்லை. அவளுக்கு நாம் என்ன சொல்வோம்? தேவன் அடுத்த வீட்டுப் படகில் இருந்தார், உன் மகனுடைய படகில் இல்லை என்றா?

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபு ஏரோதின் பட்டயத்தால் கொல்லப்படுகிறான். ஒரே வசனத்தில் அவன் வரலாறு முடிந்துவிடுகிறது (12:2). தொடர்ந்து பேதுரு சிறைப்படுகிறான்; தேவதூதன் வருகிறான், சங்கிலிகள் கழலுகின்றன, இரும்புக் கதவு தானே திறக்கிறது (12:6-10). இவ்விருவரும் யார்? கலிலேயாக் கடலில் கூட்டாகத் தொழில் செய்த மீனவர்கள் (லூக். 5:10). ஒரே கரையில் வலையை விட்டுவிட்டு ஒரே ஆண்டவரைப் பின்பற்றினவர்கள். ஒருவன் மீண்டு வந்து கதவைத் தட்டினான், மற்றவன் வரவேயில்லை.

யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்கவில்லை என்றோ, அவனுடைய விசுவாசம் குறைவாயிருந்தது என்றோ வேதம் எங்கும் சொல்லவில்லை. ஏன் இவன், ஏன் அவன் அல்ல என்பதற்கு லூக்கா காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாதிருக்கும் அந்த அடக்கத்தை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை நிச்சயமாய்ச் சொல்லலாம். தப்புவித்தலைக் கொண்டு பிரசன்னத்தை அளக்கலாகாது. அப்படி அளந்தால் கல்வாரியில் தேவன் இல்லை என்றே சொல்ல வேண்டிவரும். ஆண்டவரோ தமது மரணத்தின் வேளையையே தாம் மகிமைப்படும் வேளை என்று அழைத்தார் (யோவா. 12:23-28). சிலுவையருகே நின்ற தாயின் கண்களுக்கு அன்று எந்த மகிமையும் தெரிந்திராது. ஆயினும் மகிமை அங்கே கடந்துகொண்டிருந்தது.

ஆகவே, மீண்டவனுடைய சாட்சி மீளாதவனுடைய வீட்டாரைக் காயப்படுத்தாதபடி சொல்லப்படட்டும். "எங்களைத் தேவன் நேசித்தார், ஆகையால் தப்பினோம்" என்பதைவிட, "தப்பினோம், தப்பாதவர்களையும் அவர் நேசித்தார்" என்பது உண்மைக்கு நெருக்கமான சாட்சி.

5. பின்புறம்: கடந்த பின் அறிவது

கரத்தை எடுத்தபோது மோசே கண்டது தேவனுடைய பின்புறத்தை (33:23). கடந்துபோனவருடைய பின்புறமே நமக்குத் தெரியும். யாக்கோபு கல்லைத் தலையணையாக்கித் தூங்கி எழுந்த பின்னரே, அவ்விடத்தில் கர்த்தர் இருந்ததைத் தான் அறியாதிருந்ததாக உணர்ந்தான் (ஆதி. 28:16). எம்மாவுக்குச் சென்ற இருவரும் வழிமுழுவதும் உடன் நடந்தவரை அறியவில்லை. அப்பம் பிட்கையில் அறிந்தார்கள். அறிந்தவுடனே அவர் மறைந்தார். அதன் பின்பே, வழியில் தங்கள் இருதயத்தில் எழுந்த அனலை நினைத்துப் பார்த்தார்கள் (லூக். 24:30-32).

ஒக்கிக்குப் பின் ஒன்பது மாதம் நிறையுமுன், 2018 ஆகஸ்டில், கேரளம் 1924-க்குப் பின் கண்டிராத வெள்ளத்தில் மூழ்கியது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செங்கன்னூரிலும் ஆலுவாவிலும் மக்கள் கூரைகளின்மேல் நின்று கூப்பிட்டார்கள். அப்போது கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். 669 படகுகளில் 4,537 மீனவர்கள் சென்றனர் என்றும், ஏறக்குறைய 65,000 பேரைக் காப்பாற்றினர் என்றும் கேரள அரசின் கணக்குச் சொல்கிறது. சென்றவர்களில் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் மீனவர்களும் இருந்தார்கள். அவை ஒக்கியில் தங்கள் மக்களை இழந்த ஊர்கள். தங்களைத் தேடி வர மற்றவர்கள் தாமதித்தார்கள் என்று அழுதிருந்த கரையிலிருந்தே, மற்றவர்களைத் தேடித் தாமதமின்றிச் சென்றார்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, சகோதரரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு.

அந்நாட்களின் ஒரு காட்சியை நாடே கண்டது. மலப்புறம் மாவட்டத்தில், படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து, தம் முதுகையே படியாக்கினார். அவர்கள் ஒவ்வொருவராக அம்முதுகின்மேல் கால் வைத்துப் படகில் ஏறினார்கள். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் மோசே கண்டது முகமல்ல, பின்புறமே என்று வாசிக்கையில் அந்தக் குனிந்த முதுகு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. மோசேக்குத் தம் மகிமையைக் காட்டுவதாகச் சொன்ன தேவன், அவன்முன் கடந்துபோகச் செய்வது தமது தயையையே என்றார் (33:19). தயை எங்கே கடந்துபோகிறதோ அங்கே யாருடைய மகிமை கடந்துபோகிறது என்பதை நாம் அறிவோம்.

மீனவர்கள் வெள்ளத்தில் பயன்படும்படியாகவே ஒக்கி வந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மாண்டவர்களுக்கு அநீதி. துன்பம் அவர்களுடைய இருதயத்தைக் கல்லாக்கிவிடவில்லை என்பதை மாத்திரம் காண்கிறோம். கசப்பு பிறந்திருக்க வேண்டிய இடத்தில் இரக்கம் பிறந்திருந்தது. அந்த இருண்ட மாதங்களில் அவர்களுக்குள் யாரோ கிரியை செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அதுவே பின்புறமாகத் தெரிந்த அடையாளம்.

6. மகிமை என்னும் கனம்

மகிமைக்குரிய எபிரெயச் சொல்லின் வேர்ப்பொருள் கனம், பாரம் என்பதாகும். மின்னி மறையும் ஒளியை மாத்திரம் அது குறிப்பதில்லை. எடையுள்ள மெய்ப்பொருளைக் குறிக்கும். பவுல் இதை அறிந்தே தன் உபத்திரவத்தை இலேசானது என்றும், வரப்போகும் மகிமையைக் கனமானது என்றும் தராசில் வைப்பதுபோல எழுதினான் (2 கொரி. 4:17). அவன் எளிய வாழ்வு வாழ்ந்தவன் அல்லன். மூன்று முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டு, ஓர் இரவும் ஒரு பகலும் ஆழ்கடலில் கழித்ததாக அதே நிருபத்தில் சொல்கிறான் (11:25). கடல்நீரை விழுங்கினவன் போட்ட எடை இது.

கனமான மகிமை மிகச் சிறிய உருவிலும் வரும். தோப்பும்படியிலிருந்து தெற்கே சென்றால் செல்லானம் என்னும் கடற்கரை ஊர் உண்டு. ஒக்கியின்போதும் அதன் பின்னும் பலமுறை கடல் அவ்வூரின் வீடுகளுக்குள் புகுந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனா ஊரடங்கின் நடுவே கடலும் சீறியபோது, அவ்வூர் மக்களுக்காக அருகிலுள்ள கும்பளங்கியின் வீடுகளில் சமைத்த உணவுப் பொதிகள் திரட்டப்பட்டன. அவற்றில் ஒரு பொதியைத் திறந்தபோது, சோற்றுடனும் கறிகளுடனும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய 100 ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதை வைத்தவர் ஊரடங்கால் தாமும் வேலையிழந்திருந்த ஒரு பெண். யார் கையில் அது போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாது. தாம் கொடுத்தது பிறருக்குத் தெரிய வேண்டும் என்றும் அவர் எண்ணவில்லை. காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்து ஏழை விதவையின் இரண்டு காசுகளை எடைபோட்டவர் (மாற். 12:41-44) இந்த நோட்டின் எடையையும் அறிவார்.

மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் பிரகாசித்தது. ஆனால் அவன் அதை அறியாதிருந்தான் (34:29). மகிமையைச் சுமக்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. எதிரே நிற்கிறவர்களுக்கே தெரியும். ஆகையால் துன்பத்தில் இருக்கும் சகோதரனே, சகோதரியே, உன்னிடத்தில் ஒளி இல்லை என்று நீயே தீர்ப்புச் சொல்லாதே. உன் அருகில் நிற்பவரைக் கேட்டுப் பார்.

7. எவ்வாறு அறிந்துகொள்வது?

அன்றாட வாழ்க்கையில் கைக்கொள்ளத்தக்க நான்கு காரியங்களை இங்கே வைக்கிறோம்.

முதலாவது, மறைக்காமல் முறையிடுங்கள். ஜெபத்தில் தேவனுக்கு அழகான சொற்கள் தேவையில்லை. மோசேயும் யோபும் பேசினதுபோலப் பேசுங்கள். பேச்சே வராத நாளில் ஒரு சங்கீதத்தை உங்கள் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெதுவானதைக் கவனியுங்கள். இக்கட்டில் நாம் பெரிய அற்புதத்தையே எதிர்பார்த்து, வாசலில் வைக்கப்பட்ட சோற்றுப் பொதியைக் காணாமற்போகிறோம். இரவில், அன்றைய நாளில் கிடைத்த சிறிய தயை ஒன்றை எழுதிவையுங்கள். பெரிய நோட்டுப்புத்தகம் வேண்டாம். நாட்காட்டியின் ஓரத்தில் ஒரு வரி போதும். சில மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கையில் கடந்துபோனவருடைய பின்புறம் தெரியும்.

மூன்றாவது, துக்கப்படுகிறவரோடு உட்காருங்கள். விளக்கம் சொல்லச் செல்லாதீர்கள். கஞ்சி கொண்டு செல்லுங்கள். அவர்கள் தேவனுடைய பிரசன்னத்தை உணராதிருக்கும் காலத்தில், உங்கள் அமைதியான இருப்பு அதற்குச் சாட்சியாயிருக்கும். முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். ஆறாம் மாதத்தில் செல்லுங்கள். நினைவு நாளை மறவாதிருங்கள்.

நான்காவது, அனுப்பப்படுவதை மறுக்காதீர்கள். எலியா மெதுவான ஓசையைக் கேட்ட பின் குகையிலேயே தங்கிவிடவில்லை; வந்த வழியே திரும்பிப்போய்ச் செய்ய வேண்டிய வேலை அவனுக்குக் கொடுக்கப்பட்டது (1 இரா. 19:15-16). உங்கள் காயம் முழுவதும் ஆறிய பின்னரே பிறருக்கு உதவ முடியும் என்று காத்திராதீர்கள். காயப்பட்ட கரையிலிருந்தே வள்ளங்கள் புறப்பட்டன.

முடிவாக

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடலின் கரையில் நின்றதை யோவான் எழுதுகிறான். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாத சீஷர்கள் விடியற்காலத்தில் கரையைப் பார்த்தார்கள். நின்றவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை (யோவா. 21:4). அவர்கள் அறிவதற்கு முன்னரே அவர் அங்கே நின்றார். அவர்கள் கரைசேருமுன்னே அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டு, மீனும் அப்பமும் ஆயத்தமாயிருந்தன (21:9). அங்கே இருந்த ஏழு பேரில் செபெதேயுவின் குமாரரும் இருந்தார்கள். பின்னாளில் பட்டயத்தால் மாண்ட யாக்கோபும் அந்த நெருப்பருகே அமர்ந்து புசித்தான். மீண்ட பேதுருவும் புசித்தான். இருவருக்கும் ஒரே கரை, ஒரே நெருப்பு, ஒரே ஆண்டவர்.

தோப்பும்படியில் நாளையும் விடியுமுன் விளக்குகள் எரியும். சில படகுகள் அணையும்; சில குடும்பங்கள் இன்னும் கடலைப் பார்த்திருக்கும். நாம் காணாத கரையில் நிற்கிறவர் இருசாராரையும் பெயர்சொல்லி அறிவார். இன்று அவருடைய முகம் நமக்குத் தெரியாவிட்டாலும் அது நம்மோடு வருகிறது. அவர் கடந்துசென்ற வழியைப் பின்புறமாகக் காணும் நாள்வரை கன்மலையின் பிளவில் நிலைத்திருப்போம்.

சிந்தித்து ஜெபிக்க

1. உங்கள் வாழ்க்கையின் கடினமான ஒரு காலத்தைத் திரும்பிப் பாருங்கள். அப்போது அறியாமல், இப்போது அறிந்துகொண்ட தேவ தயை ஏது?

2. துக்கத்திலிருந்த ஒருவருக்கு நீங்கள் சொன்ன விளக்கம் அவரைக் காயப்படுத்தியிருக்குமா? அவரிடம் மீண்டும் செல்ல வேண்டியதுண்டா?

3. அப்போஸ்தலர் 12:1-17-ஐக் குடும்பமாக வாசியுங்கள். யாக்கோபின் வீட்டார் பேதுருவின் விடுதலையைக் கேட்டபோது என்ன எண்ணியிருப்பார்கள்?

4. இம்மாதம் உங்கள் முதுகைப் படியாக்க வேண்டிய ஒருவர் உங்கள் அருகில் இருக்கிறாரா?

ஜெபம்

எங்கள் பிதாவே, நாங்கள் உம்மைக் காணாத இடத்திலும் நீர் எங்களைக் காண்கிறபடியால் உமக்கு ஸ்தோத்திரம். கடலில் மக்களை இழந்த வீடுகளையும், இன்னும் காத்திருக்கும் கண்களையும் நினைத்தருளும். எங்கள் வாயை வீணான விளக்கங்களுக்கு விலக்கிக் காத்தருளும். இருளில் எங்களை மூடியிருக்கும் உமது கரத்தை நம்பவும், உமது தயை கடந்துபோகும்போது அதை அறியவும், அறிந்த பின் பிறருக்காகக் குனியவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.